முடக்குவாதம் இருப்பவருக்குக் கண் ஏன் வறள்கிறது, அது கருவிழி வரை ஏன் போகிறது?

முதலில் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பல வருடமாக ருமட்டாய்டு முடக்குவாதம், மாத்திரையில் ஓடுகிறது. ஒரு வருடமாகக் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, டிவி பார்க்க உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் மங்குகிறது. வெளியே போய்க் காற்று பட்டாலோ தண்ணீராகக் கொட்டுகிறது. கடையில் வாங்கிய சொட்டு மருந்து போதவில்லை. கண் மருத்துவர் பார்த்துவிட்டு, "இது மூட்டு நோயோடு சேர்ந்தது, கருவிழி கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றிருக்கிறார். மூட்டுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம், கருவிழிக்கு என்ன ஆகும், இதற்கு நடுவில் கண்புரை அறுவை செய்துகொள்ளலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

மருத்துவர் சொன்னது சரி. கருவிழி என்று இங்கே சொல்வது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும், கண்ணாடி போன்ற கார்னியாவை. கருவிழிப் பிரிவில் வேலை செய்கிறவன் என்ற முறையில் நீட்டியே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் "கண் வறட்சி" என்ற பெயரே ஆட்களை அசட்டையாக இருக்க வைத்துவிடுகிறது. ஏசி அறையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்ப்பவருக்கு வரும் வறட்சியும் உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். உள்ளே நடப்பது வேறு.

கண்ணீர் என்பது வெறும் உப்புத் தண்ணீர் இல்லை. இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மீபோமியன் சுரப்பிகள் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைத் தருகின்றன, கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது அதுதான். மேல் இமைக்கு உள்ளே, வெளிக்கோடிப் பக்கம் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பி நீரைத் தருகிறது. அந்த நீரில் கிருமியைக் கொல்லும் புரதங்களும், கருவிழியின் மேல்தோல் புதுப்பித்துக்கொள்ளத் தேவையான வளர்ச்சிப் பொருள்களும் உண்டு. கண்ணின் வெள்ளைப் பகுதியைப் போர்த்தியிருக்கும் சவ்விலுள்ள செல்கள் சளி போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன, அது இருந்தால்தான் கண்ணீர் வழுக்கி ஓடாமல் கருவிழியின் மேல் பரவி நிற்கும். கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் ஒளி ஊடுருவாது. அதனால் விழித்திருக்கும்போது அதற்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதி காற்றிலிருந்து கண்ணீர் வழியாகத்தான் வருகிறது. கண்ணீர் கெட்டால் முதலில் அடிபடுவது கருவிழி என்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது மூட்டுக்கு வருவோம். ஆட்டோ இம்யூன் நோய் என்றால் கிருமியோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்கள் சொந்த உடம்பையே தாக்குவது. முடக்குவாதத்தில் அவை மூட்டுச் சவ்வைத் தாக்குகின்றன. ஆனால் அவை ரத்தத்தோடு எங்கும் போகிறவை, மூட்டோடு நிற்பதில்லை. கண்ணீர்ச் சுரப்பிக்குள் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாகப் புகுந்து, அங்கே அழற்சியை மூட்டி, சுரக்கும் திசுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கின்றன. மிஞ்சியிருக்கும் திசுவும் அழற்சியால் ஒழுங்காக வேலை செய்வதில்லை. நீர் குறைந்தால் கண்ணீரில் உப்பின் அடர்த்தி ஏறுகிறது. அந்த உப்பு மேல்தோலைக் காயப்படுத்துகிறது, காயம் மறுபடி அழற்சியைக் கூட்டுகிறது, அழற்சி மறுபடி வறட்சியைக் கூட்டுகிறது. இந்தச் சுழலை உடைக்காமல் செயற்கைக் கண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டிருப்பது, ஊற்று தூர்ந்த கிணற்றில் லாரித் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. அந்த நேரத்துக்கு உதவும், நிறுத்தவும் கூடாது. அதுவே வைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தத் தொடர்பை முதலில் முழுதாகப் பார்த்தவர் மூட்டு மருத்துவர் அல்ல, ஹென்ரிக் ஷோக்ரென் என்ற சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர். கண்ணும் வாயும் வறண்ட 19 பெண்களைப் பற்றி 1933இல் ஆய்வேடு எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. இது கண்ணில் மட்டும் இருக்கும் நோய் அல்ல, உடம்பு முழுவதற்குமானது என்றார். அந்த ஆய்வேட்டுக்குக் கிடைத்த மதிப்பெண் அவரைப் பல்கலைக்கழக ஆசிரியர் ஆக்கும் அளவுக்குக்கூட இல்லை. இன்று அந்த நோய்க்கே அவர் பெயர்தான். ஷோக்ரென் நோய் தனியாகவும் வரும். முடக்குவாதம், லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா போன்ற ஆட்டோ இம்யூன் நோய்களோடு ஒட்டிக்கொண்டும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிகம், பெரும்பாலும் நாற்பதுக்கு மேல்.

ஆகவே அம்மாவிடம் வாயைப் பற்றியும் கேளுங்கள். சப்பாத்தியோ பொரியோ தண்ணீர் குடிக்காமல் விழுங்க முடிகிறதா? ராத்திரி தண்ணீர்ச் சொம்பு பக்கத்தில் இல்லாமல் தூங்க முடிகிறதா? சமீப காலத்தில் பல் அடுத்தடுத்து சொத்தையாகிறதா? காதுக்குக் கீழே, கன்னத்தின் ஓரம் வீங்கி வற்றுகிறதா? ஆமாம் என்றால் இதை மூட்டுவாத மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்த வீக்கம் வற்றாமல் நிலையாக நின்றுவிட்டால் இன்னும் சீக்கிரம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஷோக்ரென் நோயாளிகளில் சிறு பகுதியினருக்கு அந்தச் சுரப்பியிலேயே லிம்ஃபோமா எனும் புற்றுநோய் வரலாம்.

வறண்ட கண்ணில் ஏன் தண்ணீர் கொட்டுகிறது என்று பலரும் குழம்புகிறார்கள். எந்நேரமும் ஊறிக்கொண்டிருக்க வேண்டிய நிதானமான கண்ணீர்தான் குறைந்திருக்கிறது. காற்றோ புகையோ பட்டால், உரிந்துபோன மேற்பரப்பின் நரம்புகள் அலறி, சுரப்பியில் மிச்சமிருக்கும் பகுதியை உசுப்புகின்றன. அப்படி வருவது வெங்காயம் நறுக்கும்போது வருகிற வகைக் கண்ணீர். கன்னத்தில் ஓடிப்போகும், கருவிழியில் தங்காது. நோய் முற்ற முற்ற அதுவும் நின்றுவிடும். "அழுகை வந்தாலும் கண்ணீர் வருவதில்லை" என்று சில பெண்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

சோதனைகள் எளிமையானவை. ஷிர்மர் சோதனையில் ஒரு சிறு காகிதப் பட்டையைக் கீழ் இமையில் செருகி ஐந்து நிமிடம் விடுவார்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையவில்லை என்றால் நீர் உண்மையிலேயே குறைவு. அப்புறம் ஃப்ளூரசீன் என்ற மஞ்சள் சாயத்தைத் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், மேல்தோல் உரிந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளிகளாக ஒளிரும். ரத்தத்தில் ஆன்ட்டி எஸ்எஸ்ஏ என்ற எதிர்ப்பொருளைத் தேடுவார்கள், தேவைப்பட்டால் கீழ் உதட்டின் உள்பக்கத்திலிருந்து அரிசி அளவு சுரப்பியை எடுத்துப் பரிசோதிப்பார்கள். குழந்தை பெறும் வயதில் இருப்பவருக்கு எஸ்எஸ்ஏ இருப்பது தெரிந்தால் மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அது வயிற்றில் உள்ள குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். உங்கள் அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. படிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

சரி, கருவிழிக்கு என்ன ஆகும்?

பெரும்பாலானவர்களுக்குப் பச்சைப் புள்ளிகளோடு நின்றுவிடுகிறது. அது எரிச்சல் தரும், பார்வையை அவ்வப்போது மங்கவைக்கும், கண்ணைக் குருடாக்காது. அடுத்த கட்டத்தில் சளியும் உதிர்ந்த செல்களும் திரிந்து நூல் நூலாகக் கருவிழியில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் அந்த நூல் இழுபடும், பார்க்கச் சின்னதாக இருந்தாலும் வலி கொல்லும். வீட்டில் பஞ்சை வைத்து அதை இழுத்து எடுக்கக் கூடாது, கூடவே மேல்தோலும் கிழியும்.

அதற்கும் மேலே போனால் மேல்தோல் ஒரு இடத்தில் முழுதாக உரிந்து, ஆறாமல் புண்ணாக நிற்கும். கிருமிக்கு இது திறந்த கதவு. கிருமியைக் கொல்லும் புரதம் கண்ணீரில் ஏற்கெனவே குறைவு, அத்தோடு மூட்டுக்காகச் சாப்பிடும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் இன்னொரு பயமும் உண்டு. இங்கே கருவிழிப் புண்களில் பூஞ்சைத் தொற்று அதிகம், குறிப்பாக வயல் வேலை செய்பவர்களிடம். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு சொட்டு போய்ச் சேர்ந்தால் கண் கையை விட்டுப் போய்விடும். மருந்துக் கடைக்காரர் "சிவப்புக்கு நல்லது" என்று எடுத்துக் கொடுக்கும் பல சொட்டுகளில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று போட்டிருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடவே வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் இந்தக் கண்ணில் விடாதீர்கள். தோல் உரிந்த இடத்தில் சுத்திகரிக்காத எதை விட்டாலும் ஆபத்துதான்.

இதெல்லாம் வறட்சி வழியாக வரும் கேடு. முடக்குவாதம் வறட்சியின் துணை இல்லாமல் நேராகவும் கருவிழியைத் தாக்கும், நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். கருவிழியின் நடுவில் ரத்தக்குழாய் இல்லை என்றேன். ஆனால் அது வெள்ளைப் பகுதியோடு சேரும் விளிம்பில் நுண்ணிய குழாய்கள் வளையமாக வந்து முடிகின்றன. நோய் எதிர்ப்புப் பொருள்கள் கட்டிக்கட்டியாகச் சேர்ந்து அந்தக் குழாய்களில் படிந்தால் அங்கே அழற்சி உண்டாகும். ஓடி வருகிற வெள்ளணுக்கள் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை அரிக்கும் நொதிகளைக் கொட்டும். கருவிழிக்கு வலுவைத் தருவது பெரும்பாலும் கொலாஜன்தான், நடுவில் கருவிழியின் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். விளிம்பை ஒட்டிப் பிறை வடிவில் பள்ளம் விழும். சில சமயம் நாள்கணக்கிலேயே அது ஓட்டையாகிவிடும். கருவிழி உருகுதல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இது பெரும்பாலும் வருவது, நோய் வந்து பல வருடம் ஆனவர்களுக்கு. மூட்டுவலி அடங்கிப்போய், "இப்போது பரவாயில்லை" என்று மாத்திரையைக் குறைத்தோ நிறுத்தியோ இருக்கும் நேரத்திலும் வரும். மூட்டு அமைதியாக இருப்பதால் நோயும் தூங்குகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கருவிழி விளிம்பில் நடப்பது ரத்தக்குழாய் அழற்சி, அதே அழற்சி இதயத்திலும் மற்ற உறுப்புகளிலும் நடந்துகொண்டிருக்கலாம். 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைக் கண்ணில் அறைந்த மாதிரி காட்டியது: முடக்குவாதத்தோடு இப்படிப்பட்ட விளிம்புப் புண்ணோ, வெள்ளைவிழி அழுகலோ வந்தவர்களில், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் வலுவான மருந்து பெறாத பிரிவில் ஏறத்தாழ பாதிப் பேர் பத்தாண்டுக்குள் ரத்தக்குழாய் தொடர்பான காரணங்களால் இறந்துபோனார்கள், மருந்து பெற்ற பிரிவில் அப்படி இறந்தவர்கள் மிகச் சிலரே. இன்றைய மருந்துகள் அன்றைக்கு இல்லை, ஆனால் பாடம் மாறவில்லை. விளிம்புப் புண் வந்தவரைக் கண் மருத்துவர் ஒருவர் மட்டும் பார்த்துக் காப்பாற்ற முடியாது. சொட்டு மருந்தால் மட்டும் அடங்காது. மாத்திரையாகவோ ஊசியாகவோ ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட், ரிட்டுக்ஸிமாப், சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்றவை வேண்டியிருக்கும். ஓட்டை விழுந்தால் பசை வைத்து மேலே கான்டாக்ட் லென்ஸ் போட்டு அடைப்பார்கள், பெரிதாக இருந்தால் தானக் கருவிழியிலிருந்து துண்டு வைத்துத் தைப்பார்கள். உள்ளே நோய் அடங்காவிட்டால் தைத்த துண்டும் உருகும்.

எந்த உடல்நோயும் இல்லாமலே இதே மாதிரி விளிம்பு அரிப்பது மூரென் புண், அது தென்னிந்தியாவில் கொஞ்சம் அதிகமாகவே காணப்படுகிறது. அதனால் விளிம்பில் புண் என்றதும் எல்லாருக்கும் முடக்குவாதம் என்று முடிவுகட்டுவதும் தப்பு, ரத்தப் பரிசோதனையை விடுவதும் தப்பு. வேறு வழிகளில் வரும் ஆட்டோ இம்யூன் வறட்சியும் உண்டு: தைராய்டு நோயில் கண் பிதுங்கி இமை மூடாமல் கருவிழி காய்வது, பெம்ஃபிகாய்டு நோயில் சவ்வு தழும்பாகி இமையும் விழியும் ஒட்டிக்கொள்வது. மாத்திரை ஒவ்வாமையில் வரும் ஸ்டீவன்ஸ் ஜான்சனிலும் அப்படி ஒட்டிக்கொள்ளும். அவை தனிக் கதை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உடம்பிலேயே நரம்பு மிக நெருக்கமாக ஓடும் இடங்களில் கருவிழி ஒன்று. நாள்பட்ட வறட்சி அந்த நரம்புகளையும் அழிக்கிறது. அதனால் ஆரம்பத்தில் துடித்தவர் பின்னால், "இப்போது உறுத்தல் குறைந்துவிட்டது" என்பார், சாயம் போட்டுப் பார்த்தால் கருவிழி முன்னைவிட மோசமாக இருக்கும். வெள்ளையாக, சிவப்பே இல்லாமல், அதிக வலியும் இல்லாமல் உருகும் கண்களும் உண்டு. வலியை வைத்து அளவெடுக்காதீர்கள். பார்வை திடீரென்று குறைவது, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசுவது, இரவில் எழுப்பிவிடுகிற ஆழமான குடைச்சல், கருவிழியில் வெள்ளைப் புள்ளியோ விளிம்பில் பள்ளமோ தெரிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். கண்ணிலிருந்து திடீரென்று வெதுவெதுப்பாக நீர் பாய்ந்து பார்வை மங்கினால் அழுத்தாமல், கசக்காமல், சொட்டு எதுவும் விடாமல், கண்ணில் படாதபடி ஒரு கடினமான மூடி வைத்து மறைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு.

வைத்தியம் என்ன? செயற்கைக் கண்ணீரை ஒரு நாளைக்கு நாலைந்து முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால் பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்) இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் கெட்டுப்போன மேல்தோலை மேலும் கெடுக்கும். விலை கூடத்தான், ஆனால் இந்தக் கண்ணுக்கு அது ஆடம்பரம் இல்லை. ராத்திரிக்கு ஜெல் அல்லது களிம்பு. அழற்சியை அடக்க சைக்ளோஸ்போரின் சொட்டு இருக்கிறது, 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது எரியும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பத்து நாள் போட்டுவிட்டு "ஒத்துக்கொள்ளவில்லை" என்று தூக்கிப்போடுகிறவர்கள்தான் அதிகம். ஆரம்ப எரிச்சலைத் தாண்ட மருத்துவர் கொஞ்ச நாளைக்கு மென்மையான ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுப்பார். அழற்சி அடங்கிய பிறகு, கண்ணீர் மூக்குக்கு வடியும் துளையைச் சிறு பிளக் வைத்து அடைக்கலாம். கடுமையான கண்ணுக்கு நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து சீரம் பிரித்துச் சொட்டாக்கித் தருவார்கள், கண்ணீரில் இருக்க வேண்டிய வளர்ச்சிப் பொருள்கள் அதில் இருக்கின்றன. குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். இன்னொரு நல்ல வழி ஸ்க்ளீரல் லென்ஸ்: கருவிழியைத் தொடாமல் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய லென்ஸ், அடியில் உப்புநீர் நிரப்பியிருப்பதால் நாள் முழுக்கக் கருவிழி நனைந்தே இருக்கும். விலையும் பழக்கிக்கொள்ளும் சிரமமும் அதிகம். உதவும் கண்ணில் நன்றாக உதவுகிறது.

சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளும், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் கண்ணையும் வாயையும் இன்னும் உலர்த்தும். மாத்திரைப் பட்டியல் முழுவதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். முடக்குவாதத்துக்காக அம்மா ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிட்டால் அது வறட்சியைத் தராது, ஆனால் நீண்ட நாளில் விழித்திரையைப் பாதிக்கலாம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல், ஆரம்பத்தில் ஒரு முறையும் ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடமும் விழித்திரையைச் சோதித்தால் பொதுவாகப் போதும். இதைப் படித்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாகக் கண்புரை. செய்துகொள்ளலாம், அவசரப்படாமல். முதல் காரணம் பலருக்கும் தெரியாதது: உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, கருவிழியின் வளைவை அளக்கிறார்கள். மேற்பரப்பு வறண்டு கரடாக இருந்தால் அந்த அளவே தப்பாக வரும், தப்பான லென்ஸ் உட்காரும். அதனால் முதலில் வறட்சியைச் சரிக்கட்டி, வேறு ஒரு நாளில் மறுபடி அளந்து, இரண்டு அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, அறுவையில் கருவிழி ஓரத்தில் கீறும்போது கொஞ்சம் நரம்பு அறுபடும், சில மாதத்துக்கு வறட்சி கூடும். மூன்றாவதுதான் முக்கியம். கண்புரைக்குப் பிறகு வீக்கத்துக்கென்று வழக்கமாக எழுதும் கீட்டோரோலாக், டைக்ளோஃபெனாக், நெப்பாஃபெனாக், புரோம்ஃபெனாக் வகைச் சொட்டுகள் முடக்குவாதமும் ஷோக்ரெனும் உள்ள கண்ணில் கருவிழியை உருக்கிவிட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே அறுவை செய்பவரிடம், முகாமாக இருந்தாலும் தனியார் மருத்துவமனையாக இருந்தாலும், "முடக்குவாதம் இருக்கிறது, கண் வறட்சி இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லி, சீட்டில் எழுத வையுங்கள். தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரியும் என்று மல்டிஃபோகல் லென்ஸுக்குக் கூடுதல் பணம் கட்டச் சொன்னால் வேண்டாம் என்பது என் கருத்து, வறண்ட கண்ணில் அதன் பார்வை தெளிவாக இருப்பதில்லை. மூட்டு மருத்துவர் நோய் குறைந்தது மூன்று மாதமாவது அடங்கியிருக்கிறது என்று சொன்ன பிறகு தேதி வாங்குங்கள், விளிம்புப் புண் எப்போதாவது வந்திருந்தால் அதைவிட நீண்ட இடைவெளி வேண்டும். அறுவைக்குப் பிறகு மற்றவர்களை ஒரு வாரம் கழித்து வரச் சொன்னால், அம்மாவை முதல் மாதம் முழுக்க வாரம் ஒரு முறையாவது சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.